இரவல் பாட்டும் சொந்தப் பாட்டும்

(கோட்டுச்சேரியில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



காரைக்கால் வட்டாரத்தில் கோயில் திருவிழா இரவுகளில் மெல்லிசைக் குழுக்கள் மேடையேறுவது வழக்கம். கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டுகள் மேடைக்குப் போகும். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு திரைப்பாடலின் பெயர் இருக்கும். பாடகர் பாடி முடித்ததும், "இசைத்தட்டில் கேட்பது போலவே இருந்தது" என்று கூட்டம் பாராட்டும். மறுநாள் கவியரங்கம். இளங்கவிஞர் ஒருவர் பாடி அமர்ந்ததும், "பாரதிதாசனைக் கேட்பது போலவே இருந்தது" என்று ஒருவர் சொல்வார். இரண்டும் ஏறக்குறைய ஒரே சொற்கள். ஆயினும் முன்னவர் மகிழ்கிறார். பின்னவர் உள்ளுக்குள் வாடுகிறார். பாடகருக்குப் புகழாவது கவிஞருக்கு ஏன் குறையாகிறது? பிறர் பாட்டைப் பாடுவது எதுவரை பயிற்சி, எப்போது அது சிறையாகிறது? பத்தாண்டுகளாகக் கூடிப் பாடிவரும் ஒரு வட்டம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.

இவ்வினாவுக்கு விடை தேட இலக்கியத்துக்குச் சற்று வெளியே சென்று வருவது பயன் தரும். 1970, 1971ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் இரண்டு இசைத்தட்டுகள் வெளிவந்தன. 1983ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் ஒரு குறுந்தட்டு வெளிவந்தது. இம்மூன்றும் இளைஞர்களின் முழக்கமான ராக் இசை. இம்மூன்றிலும் இரவல் பாட்டும் சொந்தப் பாட்டும் ஒரே தட்டில் அருகருகே அமர்ந்திருக்கின்றன. அவற்றின் கதை கவிஞர்களுக்கும் உரிய கதையே என்பதை எடுத்துக்காட்டுவது இவ்வுரையின் நோக்கம்.

வழிநூல் மரபு

தமிழ் இலக்கணம் இரவலை இழிவாக நினைத்ததில்லை. தொல்காப்பியர் மரபியலில் நூலை முதல்நூல், வழிநூல் என இரண்டாக வகுத்தார். வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகப் பிரித்தார். நன்னூலார் சார்புநூல் என்னும் மூன்றாம் வகையையும் சேர்த்தார். வழிநூல் முதல்நூலின் முடிபை ஏற்க வேண்டும். பின்வந்த ஆசிரியன் தான் வேண்டிய வேறுபாட்டையும் அதில் சொல்லலாம் என்பது நன்னூலார் கருத்து. முன்னோரின் பொருளோடு அவர்தம் சொற்களையும் பொன்போல் போற்றி எடுத்தாளலாம் என்றும் அவர் இடமளித்தார். ஆகவே இரவல் குற்றமன்று. வேறுபாடு இல்லாமையே குறை என்பது பெறப்படும்.

இதற்குக் காரைக்கால் மண்ணிலேயே சான்று உண்டு. சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் வரலாற்றைக் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாக விரித்தார். பெரியபுராணத்தில் இல்லாத பண்ணை வேதியரை அவர் கதைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த வேறுபாட்டினால்தான் அடிமைப்பட்ட உழவனின் கண்ணீர் பாட்டாயிற்று. அந்நூல் 1860களின் தொடக்கத்தில் அச்சேறியதற்குக் காரைக்காலில் பணியாற்றிய பிரெஞ்சு அதிகாரி சீசே துரையின் ஆதரவு காரணமாயிற்று. பின்னர்ப் பாரதியார் வந்தார். நந்தனார் கீர்த்தனையின் மெட்டுகளை எடுத்துக்கொண்டு அரசியல் எள்ளற் பாடல்களை எழுதினார். சேக்கிழாரிடமிருந்து கோபாலகிருஷ்ணர், அவரிடமிருந்து பாரதி. இருமுறை கைமாறிய பொருள் ஒவ்வொரு கையிலும் புதிதாயிற்று.

இங்கே கருதத்தக்க சிறு செய்தி ஒன்று உண்டு. பழைய பாட்டுப் புத்தகங்களில் பாடலின் தலைப்புக்குக் கீழே 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று அச்சிட்டிருப்பார்கள். பாரதியார் பாடல்களிலும் இக்குறிப்பைக் காணலாம். கடன் யாரிடம் வாங்கியது என்பதை வாங்கியவரே முதல் வரியில் சொல்லிவிடுகிறார். கிராமபோன் தட்டின் நடுவிலுள்ள வட்டத் தாளிலும் இவ்வழக்கம் உண்டு. பாடியவர் பெயர் ஓரிடத்திலும் இயற்றியவர் பெயர் வேறோரிடத்திலும் இருக்கும். இந்தச் சிறு எழுத்தின் அருமை பின்னர் விளங்கும்.

கொட்டகை இசை

'கராஜ் ராக்' எனப்படும் இசைவகை அமெரிக்காவில் 1960களில் தோன்றியது. கார் நிறுத்தும் கொட்டகைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே இதற்கும் பெயராயிற்று. முறையான சங்கீதப் பயிற்சி இல்லாத பள்ளி, கல்லூரி மாணவர்கள் வீட்டுக் கொட்டகையில் கூடினர். இரண்டு கிதார், ஒரு பேஸ் கிதார், ஒரு டிரம். வசதி இருந்தால் ஓர் ஆர்கன். மூன்று அல்லது நான்கு சுரக்கோவைகள் தெரிந்தால் போதும். 1964இல் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்காவுக்கு வந்துசென்ற பின் இத்தகைய குழுக்கள் ஊர்தோறும் பெருகின.

இவ்வகையின் புகழ்பெற்ற பாட்டே ஓர் இரவல் பாட்டு என்பது வியப்பளிக்கும். 'லூயி லூயி' என்னும் பாடலை ரிச்சர்டு பெர்ரி என்னும் கறுப்பினக் கலைஞர் இயற்றி 1957இல் தட்டாக வெளியிட்டார். அது பெரிதாக எடுபடவில்லை. பணத்தேவையால் அதன் உரிமையை 750 டாலருக்கு அவர் விற்றுவிட்டார். 1963இல் போர்ட்லண்ட் நகரத்துக் 'கிங்ஸ்மென்' குழுவினர் அதைப் பாடிப் பதிவு செய்தனர். பாடகர் ஓரிடத்தில் முந்திக்கொண்டு நுழைந்துவிட்டார். பிழையென்று உணர்ந்து நின்று, மீண்டும் தொடங்கினார். அப்பிழை திருத்தப்படாமலே தட்டில் பதிந்தது. சொற்களோ தெளிவாகக் கேட்கவில்லை. அதில் ஆபாசம் இருக்கிறதோ என்று ஐயுற்ற அமெரிக்கப் புலனாய்வுத் துறை நெடுநாள் ஆராய்ந்து, என்ன பாடப்படுகிறது என்று புரியவில்லை என்னும் முடிவுக்கு வந்தது. பின்னர் அப்பாட்டை நூற்றுக்கணக்கான குழுக்கள் பாடின. பெர்ரிக்கு 1980களில்தான் உரிமையின் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. ஊரெல்லாம் பாடிய பாட்டை இயற்றியவர் அதுவரை அதன் பயனை அடையாமல் வாழ்ந்தார். கடன் வாங்கியவர் பெயர் ஒளிர, கொடுத்தவர் பெயர் மங்கினால் நேரும் கொடுமைக்கு இது சான்று.

1972இல் லென்னி கேய் என்பவர் இத்தகைய பாடல்களுள் 27ஐத் தேர்ந்து 'நக்கெட்ஸ்' என்னும் இரட்டைத் தட்டாகத் தொகுத்தார். சிதறிக் கிடந்த தனிப்பாடல்களை ஒருவர் தொகையாக்கியதால் அவை அழியாமல் நின்றன. எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் நின்ற கதையை அறிந்தவர்களுக்குத் தொகுப்பாளரின் பணியைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

சிம்லா பீட்

இவ்விசை இந்தியாவுக்கும் வந்தது. 1960களில் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பும், வெளிநாடு சென்றுவந்தவர்கள் கொணர்ந்த தட்டுகளும் பம்பாய், கல்கத்தா, சென்னை, பெங்களூர், ஷில்லாங் நகரங்களின் இளைஞர்களுக்கு ஆசான்களாயின. அச்சிட்ட சுரக்குறிப்பு கிடையாது. ஒரு தட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஊசியைத் தூக்கி மீண்டும் அதே இடத்தில் வைத்துக் கேட்டுக் கேட்டே பாடம் செய்தனர். குருவின் வாய்ப்பாடத்தைக் கேட்டுப் பயின்ற திண்ணைப்பள்ளி முறைக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. கல்கத்தாவிலிருந்து 1967 முதல் 1977 வரை வெளிவந்த 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்' இதழ் இக்குழுக்களைப் பற்றி எழுதிற்று.

இக்குழுக்களுக்குப் பெரிய மேடை அமைத்தது ஒரு சிகரெட்டு நிறுவனம். இம்பீரியல் டுபாக்கோ கம்பெனி தன் 'சிம்லா' சிகரெட்டை விளம்பரப்படுத்த 'சிம்லா பீட்' என்னும் அகில இந்தியப் போட்டியை நடத்தியது. 1970இல் இந்தியா டுபாக்கோ கம்பெனி எனப் பெயர் மாறிய நிறுவனம் இதுவே. பல நகரங்களிலிருந்து குழுக்கள் பம்பாய் சண்முகானந்தா அரங்கில் இறுதிச் சுற்றுக்குக் கூடின. கருநாடக சங்கீதத்துக்காகத் தமிழர்கள் முன்னின்று எழுப்பிய அவ்வரங்கில் மின்கிதார் முழங்கியது. வெற்றி பெற்ற குழுக்களின் பாடல்கள் 'சிம்லா பீட் 70', 'சிம்லா பீட் 71' என இரு தட்டுகளாக வெளிவந்தன.

அத்தட்டுகளைக் கேட்பவர் முதலில் இரவல் பாட்டுகளையே அடையாளம் காண்பார். அமெரிக்காவின் 'கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்' குழுவினர் 1969இல் பாடியவற்றை ஓராண்டுக்குள் இந்திய இளைஞர்கள் பாடிப் பதிந்திருக்கின்றனர். ஆற்றுச் சதுப்பு நிலத்தில் பிறந்ததாகப் பெருமை பேசும் அமெரிக்கப் பாட்டை, அந்நிலத்தைக் கண்டறியாதவர்கள் பாடுகிறார்கள். அதில் ஆர்வம் இருக்கிறது; பிழையற்ற பயிற்சியும் இருக்கிறது. மெல்லிசை மேடையில் கேட்கும் அதே பாராட்டுக்கு அவர்கள் உரியவர்கள்.

ஆனால் அதே தட்டில் வேறொரு வகைப் பாட்டும் உண்டு. 'கன்ஃப்யூஷன்ஸ்' என்பது சென்னைக் குழு. அவர்கள் பாடிய 'வாய்ஸ் ஃப்ரம் தி இன்னர் சோல்', அதாவது 'உள்ளுயிரின் குரல்', அவர்களே ஆக்கிய பாட்டு. பிற நகரத்துக் குழுக்கள் சிலவும் இவ்வாறு சொந்தப் பாட்டுத் தந்தன. இரவலின் நிழல் அவற்றின் மேல் நன்றாகவே தெரிகிறது. கிதாரின் நடையும் தாளத்தின் போக்கும் கேட்டுப் பழகியவைதாம். ஆயினும் ஓர் எல்லையை அவர்கள் தாண்டிவிட்டனர். தட்டில் கேட்டதைத் திரும்பச் சொல்லும் இடத்திலிருந்து, தட்டில் இல்லாததைச் சொல்லும் இடத்துக்கு ஓர் அடி எடுத்துவைத்தனர். அப்பாட்டுக்கு அவர்கள் இட்ட பெயரே அந்த ஓரடியின் பெயராக அமைந்துவிட்டது.

அடுத்த அடி என்னவாயிற்று? பெரும்பாலான குழுக்களுக்கு அடுத்த அடியே இல்லை. தமக்கெனத் தனித்தட்டு வெளியிடும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. போட்டி நின்றது; மேடை போயிற்று. படிப்பு முடிந்து, வேலை தேடி, குழுக்கள் கலைந்தன. பல ஆண்டுகளுக்குப் பின் மேலைநாட்டுத் தட்டுச் சேகரிப்பாளர்கள் இவ்விரு தட்டுகளையும் கண்டெடுத்து வியந்தனர்; அவை மறுபதிப்பும் பெற்றன. சென்னை மறந்துவிட்ட குரலை அயல்நாட்டார் தேடிக் கேட்டனர். புகையிலைப் பொருள்களின் விளம்பரத்தைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் 2003இல் வந்தது. ஒரு தலைமுறையின் பாட்டுக்கு நிழல் தந்த மரம் எத்தகையது என்பதை அச்சட்டத்தை நினைக்கும்போது உணரலாம்.

சோல்னா நகரத்துக் குறுந்தட்டு

ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, அமெரிக்கக் கொட்டகை இசை வேறொரு நாட்டில் முளைத்தது. சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னா நகரில் 1981இல் 'நோமாட்ஸ்' என்னும் குழு தோன்றியது. நாடோடிகள் என்பது பெயரின் பொருள். நிக் வால்பெர்கும் ஹான்ஸ் ஓஸ்ட்லுண்டும் அதன் தூண்கள். அவர்களது முதல் சிறு தட்டே இரவல்தான். அமெரிக்காவின் டகோமா நகரத்துச் 'சோனிக்ஸ்' குழுவினர் 1960களின் நடுவில் பாடிய 'சைக்கோ' என்னும் பாட்டை எடுத்துப் பாடினர்.

1983இல் அமிகோ என்னும் சிறு நிறுவனம் அவர்களது குறுந்தட்டை வெளியிட்டது. 'வேர் தி வுல்ஃப் பேன் புளூம்ஸ்' என்பது அதன் பெயர்; ஓநாய்நஞ்சு என்னும் நச்சுச்செடி பூக்கும் இடம் என்பது பொருள். 1941இல் வெளிவந்த 'ஓநாய் மனிதன்' என்னும் திகில் திரைப்படத்தை இத்தலைப்பு நினைவூட்டும். ஆகத் தலைப்பிலேயே இரவலின் சாயல் உண்டு. தட்டின் உள்ளே பிறர் பாடல்களும் குழுவின் சொந்தப் பாடல்களும் கலந்து அமைந்துள்ளன.

அவர்கள் இரவல் பெற்ற இடம் கவனிக்கத்தக்கது. உலகறிந்த வெற்றிப் பாடல்களின் பக்கம் அவர்கள் போகவில்லை. நியூயார்க்கில் 1967இல் தோன்றி, ஒரே ஒரு தட்டோடு மறைந்த 'தேர்டு பார்டோ' குழுவின் பாட்டு ஒன்றை எடுத்தனர். காலத்துக்கு ஐந்தாண்டு முந்தியவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பாட்டு அது. முந்தியது ஐந்தாண்டு என்று பாடியவர் நினைத்தார். அயல்நாட்டில் அது மறுபிறப்பெடுக்கப் பதினாறாண்டு ஆயிற்று. கேட்பாரற்றுக் கிடந்த பாட்டைத் தேடி எடுத்து, அதை ஆக்கியவர் இன்னார் என்று பெயர் குறித்துப் பாடும்போது இரவல் ஒரு கடன்தீர்ப்பாகவும் ஆகிறது. ஏட்டுச்சுவடியில் மடிந்துகொண்டிருந்ததைப் பதிப்பித்தவரின் பணியோடு இதற்கு உறவு உண்டு.

சொந்தப் பாட்டையும் இரவல் பாட்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும்போது, எது எவருடையது என்று எளிதில் பிரிக்க முடிவதில்லை. முரட்டு வேகத்தில் எல்லாம் ஒரே குரலாகின்றன. இரவலைத் தம் குரலுக்கு வளைத்ததும், தம் பாட்டை இரவலின் தரத்துக்கு உயர்த்தியதும் ஒருங்கே நிகழ்ந்திருக்கின்றன. அக்குழு அத்தோடு கலைந்துவிடவில்லை. 2012இல் தம் ஊரின் பெயரையே தலைப்பாக்கிச் 'சோல்னா' என ஒரு தட்டை வெளியிட்டது. அயல்நாட்டுப் பாட்டை இரவல் வாங்கித் தொடங்கியவர்கள் முப்பதாண்டுக்குப் பின் தம் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள்.

போட்டியும் வட்டமும்

சென்னைக் குழுவுக்கும் சோல்னாக் குழுவுக்கும் திறமையில் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்ததெனச் சொல்ல இயலாது. இருவரும் ஒரே ஆசானிடம் தட்டு வழியே பயின்றவர்கள். இருவரும் தாய்மொழியை விட்டு ஆங்கிலத்தில் பாடியவர்கள். பின் வேறுபாடு எங்கே?

சுவீடனில் 'பயில்வட்டம்' என்னும் அமைப்பு நெடுங்காலமாக வேரூன்றியது. தொழிலாளர் கல்விச் சங்கம் 1912இல் தோன்றியது. அதுபோன்ற பிற கல்விச் சங்கங்களும் உண்டு. சிலர் கூடி ஒரு பொருளைக் கற்க விரும்பினால் பயில்வட்டமாகப் பதிவு செய்துகொள்ளலாம். அரசு மானியம் பெறும் அச்சங்கங்கள் இடமும் துணையும் தரும். வரலாறு படிப்பவர்களும் தையல் பழகுபவர்களும் மட்டுமல்லர், ராக் குழுக்களும் அவ்வாறு பதிவு செய்து பயிற்சிக்கு அறை பெற்றுவந்தன. பரிசு உண்டா என்பது அங்கே கேள்வியில்லை. அடுத்த வாரமும் வரலாம் என்பதே அவர்களுக்குக் கிடைத்த பரிசு.

போட்டி ஒருவரது சிறந்த இரவைக் கேட்கிறது. வட்டமோ சாதாரண இரவுகளையும் கேட்டுப் பொறுக்கிறது. சொந்தக் குரல் முதலில் தடுமாறித்தான் வெளிப்படும். தடுமாறிய பாட்டைப் போட்டி மேடையில் பாட எவரும் துணிவதில்லை. அங்கே நன்கறிந்த இரவல் பாட்டே பாதுகாப்பு. சிம்லா பீட் குழுக்களில் சிலர் சொந்தப் பாட்டைத் துணிந்து பாடியது அதனால்தான் பெரிது. துணிந்தவர்களை மறுவாரமும் கேட்க ஓர் இடம் இல்லாமற்போனதுதான் இழப்பு.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே எதிர்ச்சான்று உண்டு. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். மக்கள் அறிந்த திரைப்பாடல் மெட்டுகளில் அரசியல் சொற்களை ஏற்றிப் பாடினார். சொந்த மெட்டுகளிலும் பாடினார். தம்பியர் அவரோடு ஊர் ஊராகச் சென்று வாசித்தனர். அத்தம்பியருள் ஒருவர் இளையராஜா. பதின்வயதில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் அவர் இரவல் மெட்டுகளுக்கு ஆர்மோனியம் வாசித்தார். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்றார். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது தமிழகம் கேட்டது சொந்தக் குரல். அக்குரலின் அடியில் எண்ணற்ற இரவுகளின் இரவல் இருந்தது. ஒருநாள் மேடை அவருக்குப் போதியிருக்காது. தொடர்ந்து கிடைத்த மேடையே அவரை ஆக்கியது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். சென்னைக் குழுவின் சொந்தப் பாட்டு ஆங்கிலத்தில் அமைந்ததால் அரங்கத்தைக் கடந்து தெருவுக்கு வர வழியில்லை. ஏறத்தாழ அக்காலத்தில் இலங்கையில் நித்தி கனகரத்தினம், ஏ.இ. மனோகரன் போன்றோர் கிதாரையும் பைலாத் தாளத்தையும் எடுத்துக்கொண்டு தமிழில் பாடினர். மனோகரன் பரப்பிய 'சுராங்கனி' சிங்களச் சொற்களோடு தமிழரிடையே வந்த பாட்டு. அது கடல் தாண்டி 1977இல் தமிழ்த் திரைப்படத்திலும் இடம்பெற்றது. இரவல் தாளமேயானாலும் கேட்பவரின் மொழியில் இறங்கியபோது அது வீட்டுப் பாட்டாயிற்று.

பெயரிலேயே கடன் சொன்னவர்கள்

இனி முதல் வினாவுக்குத் திரும்பலாம். இளங்கவிஞரிடம் பாரதிதாசன் சாயல் தெரிவது குறையா?

கனகசுப்புரத்தினம் என்னும் இளைஞர் 1909இல் தமிழாசிரியராகப் பணியில் சேர்ந்தது இங்கிருந்து தொலைவில்லாத நிரவியில். பாரதியைச் சந்தித்தபின் அவர் தம் பெயரையே பாரதிதாசன் என்று மாற்றிக்கொண்டார். அதைவிட வெளிப்படையான கடன்பத்திரம் உலக இலக்கியத்தில் அரிது. ஒவ்வொரு நூலின் அட்டையிலும் தம் ஆசானின் பெயர் முதலில் வரும்படி அவர் செய்துகொண்டார். தொடக்க காலத்தில் பக்திப் பாடல்களைக் கீர்த்தனை வடிவில் பாடியவரும் அவரே. ஆனால் எவரேனும் பாரதிதாசனைப் பாரதியின் நகல் என்று சொல்லத் துணிவாரா? அவருடைய மாணவர் இராசகோபாலன் தம்மைச் சுப்புரத்தினதாசன் என்று அழைத்துக்கொண்டு, அதைச் சுருக்கிச் சுரதா ஆனார். அவர் உவமைக் கவிஞராக ஒளிர்ந்தபோது பாரதிதாசனின் நிழல் அவரை மறைக்கவில்லை. கடனைப் பெயரிலேயே சுமந்த இருவரும் தமக்கென ஒரு குரல் பெற்றனர்.

இதிலிருந்து பெறத்தக்க உண்மை ஒன்று உண்டு. கடனை அறிந்து சொல்பவனுக்கு, தான் சேர்த்தது எது என்பதும் தெரியும். கடனை மறைப்பவன் அதை மறைப்பதிலேயே கருத்தாயிருப்பான். நாளடைவில் தன் பங்கு எங்கே தொடங்குகிறது என்பது அவனுக்கே தெரியாமற்போகும். இன்று கவிதைத் தொகுதிகள் பல வெளிவருகின்றன. அவற்றுள் முன்னோர் ஒருவரின் படிமமும் நடையும் பெயரின்றிப் புகுந்திருப்பதைப் படிப்பவர் உணர்கின்றனர். எழுதியவர் மட்டும் உணராதவர்போல் இருக்கிறார். 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று அச்சிட்ட பழைய பாட்டுப் புத்தகத்தின் நேர்மை அங்கே இல்லை. அப்புத்தகங்கள் மலிவான தாளில் வந்தவை. ஆயினும் கடன் சொல்வதில் அவை செல்வம் மிக்கவை.

ஆகவே இத்தகைய வட்டங்களில் இரண்டு வழக்கங்கள் நிலைபெறுவது நன்று. ஒன்று, புதிதாக வருபவர் தமக்குப் பிடித்த முன்னோர் ஒருவரின் நடையில் வெளிப்படையாகப் பெயர் சொல்லிப் பாடலாம். அதை எவரும் எள்ளலாகாது. அது கொட்டகையில் கிதார் பழகும் காலம். மற்றொன்று, அவ்வாறு பழகியவர் சில கூட்டங்களுக்குப் பின் தம் பாட்டு ஒன்றையும் அருகில் வைத்துப் பாட வேண்டும். குறுந்தட்டின் அமைப்பு அதுதான். இரவலுக்கு அருகில் வைக்கும்போதுதான் சொந்தப் பாட்டின் குறையும் நிறையும் கேட்பவருக்கும் பாடுபவருக்கும் ஒருங்கே தெரியவரும். அப்பாட்டு தடுமாறினால் அவை பொறுக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கும் அவரை அழைக்க வேண்டும்.

பரிசு வழங்க வேறு பலர் உளர். திரும்ப வரலாம் என்று சொல்ல ஒரு வட்டம்தான் உண்டு. 1970இல் ஒரு சென்னைக் குழுவுக்கு அச்சொல் கிடைக்கவில்லை. அதனால் ஓர் உள்ளுயிரின் குரல் ஒரு பாட்டோடு நின்றது. இவ்வட்டம் பத்தாண்டுகளாக அச்சொல்லைச் சொல்லிவந்திருக்கிறது என்பதே இவ்விழாவின் பெருமை.

வரும் திருவிழாவிலும் மெல்லிசை மேடைக்குத் துண்டுச் சீட்டுகள் போகும். கேட்ட பாடல்கள் அனைத்தையும் குழுவினர் குறைவின்றிப் பாடட்டும். விடிவதற்கு முன், எந்தச் சீட்டிலும் எழுதப்படாத பாட்டு ஒன்றையும் அவர்கள் பாடட்டும். அதைக் கேட்க இவ்வட்டத்தினர் சிலராவது எழுந்து போகாமல் அமர்ந்திருக்க வேண்டும்.